நூத்துக்கு ஏழரை

ஏலே பேராண்டி, காதுல மாட்டியிருக்கிற அந்தக் குமிழக் கழட்டு. நேத்து ராத்திரி உங்கம்மாகிட்ட நீ பொலம்புனது என் கட்டில் வரைக்கும் கேட்டுச்சு. தாத்தா தூங்குதாருன்னு நெனச்சிருப்ப. கெழவன் கண்ண மூடியிருந்தா தூங்குதான்னு யாருலே சொன்னா?

"நான் படிக்கிறது கம்ப்யூட்டர் சயின்ஸ், எனக்கு எதுக்கு வரலாறு, எனக்கு எதுக்குத் தத்துவம், பேசாம ரெண்டு கோடிங் கோர்ஸ் சேத்துப் படிச்சாலும் வேலைக்காவது ஆகும்." இதான நீ சொன்னது? ரொம்பச் சரி. நானும் உன் கட்சிதான். 2022 டிசம்பர்ல அந்த யூ.ஜி.சி.காரன் புதுசா ஒரு ஏற்பாடு பண்ணான்லா, மூணு வருசப் படிப்புக்கு மொத்தம் 120 கிரெடிட், அதுல கொறஞ்சது 9 கிரெடிட் வேத்துத் துறைப் பாடமா இருக்கணும்னு. கல்கத்தா யூனிவர்சிட்டி 2023ல அத ஆரம்பிச்சுட்டு. 120க்கு 9ன்னா நூத்துக்கு எவ்வளவு? போன எடுக்காத, மனசுல போடு. ஏழரை. அதான் உன்ன இந்தப் பாடு படுத்துது. ஏழரை எந்தக் குடும்பத்துக்குலே நல்லது பண்ணியிருக்கு?

இந்தச் சனியக் கூட்டியாந்ததுல நம்ம பக்கத்து ஆளுக்கும் பங்கு இருக்கு, தெரிஞ்சுக்க. திருத்தணிக்காரர், ராதாகிருஷ்ணன். 1921ல இங்கன கல்கத்தா யூனிவர்சிட்டிக்குத் தத்துவம் சொல்லிக்குடுக்க வந்தவரு. சுதந்திரம் வந்த கையோட, 1948ல, காலேஜ் படிப்ப எப்பிடித் திருத்தலாம்னு அவரு தலைமையில ஒரு கமிஷன் போட்டாக. சயின்ஸ் படிக்கிறவனுக்கு வரலாறும் இலக்கியமும் கொஞ்சம் தெரியணும், இலக்கியம் படிக்கிறவனுக்கு சயின்ஸ் கொஞ்சம் தெரியணும்னு அவுக எழுதிக் குடுத்தாக. நம்மாளுக என்ன பண்ணாக? பத்திரமா அலமாரியில வச்சாக. நடுவுல ஒண்ணு ரெண்டு இடத்துல பண்ணிப் பாத்துட்டு விட்டுட்டாக. எழுபது வருசத்துக்கு மேல தூங்குனது உன் தலையிலயா வந்து முழிக்கணும்?

சரி, விடு. கேள்வியே கேக்காம, தன் பாடத்துக்கு வெளிய ஒரு எழுத்து தெரியாம, பெரிய பதவியில இருந்த ஒருத்தரப் பத்திச் சொல்லுதேன். அவர மாதிரி நீயும் வந்துரலாம். அதுக்கு நீ தூரமாப் போக வேண்டாம். தெனம் நீ போற ரோடுதான். பிரின்ஸ் அன்வர் ஷா ரோடு. அங்கன சவுத் சிட்டி மால்ல எந்த மாடியில எந்தச் செருப்புக் கடைன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவ. பிரின்ஸ்னா எந்த ஊரு பிரின்ஸ்லே? என்னைக்காவது கேட்டியா? கேக்கலன்னா ரொம்ப நல்லது, கூகுள் மேப்புக்கு அது வேண்டாம்.

மைசூரு வம்சம். திப்பு சுல்தான் வாரிசுக. ஸ்ரீரங்கப்பட்டணத்துல 1799ல திப்பு விழுந்தாரா, அவரு பிள்ளைகளையும் பெண்டுகளையும் கும்பினிக்காரன் கூட்டியாந்து நம்ம வேலூர்க் கோட்டையில வச்சான். அங்கன இருந்தவுகள இந்த டாலிகஞ்சுக்கு ஏன் ஓட்டியாந்தான்? ஒரு தலைப்பாகையால.

மெட்ராஸ் பட்டாளத்துக்குச் சேனாதிபதி சர் ஜான் கிரடக். டிரில்லுல அவர அடிச்சுக்க ஆளில்லன்னு வச்சுக்க. 1805 நவம்பர்ல ஒரு உத்தரவு. சிப்பாய் நெத்தியில நாமமோ விபூதியோ யூனிஃபாரத்தோட இருக்கக் கூடாது, தாடிய வழிக்கணும், மீசை எல்லாம் ஒரே அளவுல இருக்கணும். அதுக்கு மேல ஒரு புதுத் தலைப்பாகை. பாக்கப் பட்டாளத்துக்கு எடுப்பா இருக்கட்டும்னு அதுல தோல்ல ஒரு குஞ்சம். இப்ப நீ சொல்லு. மாட்டுத் தோலா பன்னித் தோலான்னு ஒரு சிப்பாய்க்குச் சந்தேகம் வந்தா என்ன ஆகும்? இந்துவும் துலுக்கனும் ஒரே நாள்ல ஒரே ஆள் மேல கோவப்படணும்னா இதவிடச் சுருக்கு வழி உண்டா? அதுவும் போக, அந்தத் தலைப்பாகை வெள்ளக்காரன் தொப்பி கணக்கா இருக்கு, நம்மள கிறிஸ்தவ வேதத்துல சேக்கப் பாக்கான்னு பேச்சு கிளம்பிட்டு. கோவில்பட்டி சந்தையில ஆடு விக்கிற ஒருத்தனக் கேட்டிருந்தாக்கூடச் சொல்லியிருப்பான். சேனாதிபதி கேக்கல. அவரு பாடத்திட்டத்துல அது இல்ல பாத்துக்க.

1806 மே மாசம், மாட்ட மாட்டோம்னு கொஞ்சப் பேரு மறுத்தாக. மெட்ராஸ் கோட்டைக்குக் கொண்டு போயி ஒரு இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி குடுத்து வேலையவிட்டே தள்ளுனாக. அதோட அடங்கிரும்னு நெனப்பு.

இனிமேத்தான் நான் ரசிக்கிற இடம். முஸ்தபா பேக்னு ஒரு சிப்பாய் இருந்தான். ஜூன் மாசமே கர்னல் வீட்டுக் கதவத் தட்டி, "அய்யா, கோட்டைக்குள்ள சதி நடக்கு, உங்களக் கொல்லப் போறாக"ன்னு சொன்னான். கர்னல் நல்ல மனுசர்தான், விசாரிச்சாரு. யாருகிட்ட விசாரிச்சாரு தெரியுமா? அதே பட்டாளத்து இந்திய அதிகாரிககிட்ட. சதியில யாரு யாரெல்லாம் இருந்தாகளோ அந்தக் கூட்டத்துலயே! அவுக எல்லாம் ஒரே குரல்ல, "இவனுக்குப் புத்தி பெரண்டு போச்சு தொரை"ன்னுட்டாக. தொரையும் நம்பிட்டாரு. முஸ்தபா பேக்குக்கு வெலங்கு. ஜூலை 10, விடியுறதுக்கு முந்தி, கோட்டைக்குள்ள வெடிச் சத்தம். வெள்ளக்காரச் சிப்பாய்க நூறு பேருக்கு மேல செத்தாக, கொடிமரத்துல திப்பு கொடி ஏறுச்சு, ஆற்காட்டுலேருந்து ஜில்லஸ்பின்னு ஒரு கர்னல் குதிரைப் படையோட பறந்து வந்தான், சாயங்காலத்துக்குள்ள நம்ம ஆளுக செத்தது அதவிடப் பல மடங்கு. மொதநாள்தான் திப்பு மக ஒருத்திக்குக் கோட்டைக்குள்ள கல்யாணம் நடந்திருந்துச்சு. பந்தல் பிரிச்சிருக்க மாட்டாக.

பொறவு பஞ்சாயத்து. யாரு மேல குத்தம்? தலைப்பாகை மேலன்னு சொன்னா சேனாதிபதி தலை உருளும். திப்பு பிள்ளைக மேலன்னா கோட்டைக்குள்ளயே முடிஞ்சுரும். விசாரணைக் கமிஷன் என்ன பண்ணுச்சுன்னா, ரெண்டும் காரணம்னு எழுதி வச்சுட்டு. கிரடக்கையும் வேலைய விட்டு எடுத்தாக, மெட்ராஸ் கவர்னர் பெண்டிங்கையும் 1807ல சீமைக்குத் திருப்பிக் கூப்பிட்டாக. திப்பு குடும்பத்த ஊரு விட்டு ஊரு, கடலத் தாண்டி, இந்த டாலிகஞ்ச் சதுப்புல கொண்டாந்து இருத்துனாக. திப்பு பிள்ளைகள்ல ஒருத்தரு, குலாம் முகமது, பெரிய ஆளாகி தர்மதல்லாவுல 1842ல பள்ளிவாசல் கட்டுனாரு, இங்கன டாலிகஞ்ச்லயும் அதே சாடையில ஒண்ணு. நீ பஸ்ஸுக்கு நிக்கிறப்ப அதோட நெழல்லதான் நிக்க. ரீல்ஸ் பாக்க நல்ல நெழல்.

போன வாரம் இதே வேலூர்க் கலகத்தப் பத்தித்தான உனக்கு அசைன்மெண்ட்டு? நீ அந்தப் பேசுற மிஷினக் கேட்ட, அது அஞ்சு காரணம் குடுத்துச்சு. ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சுன்னு, கல்யாணச் சீர் அடுக்குன கணக்கா அம்புட்டு அழகா அடுக்கிக் குடுத்துச்சு. நீயும் அப்பிடியே தூக்கிப் போட்டுட்டு மெஸ்ஸுக்குப் போயிட்ட. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "இந்தக் காரணத்த மொத மொதல்ல எழுதுனவன் யாரு? எழுதுனதுனால அவனுக்கு என்ன லாபம்?" நீ முழிச்ச. நல்ல முழி. அத விட்றாத. அந்தக் கர்னலும் விசாரிக்காம இல்லலே, விசாரிச்சான், ஆனா சொல்லுதவன் யாருன்னு பாக்கல. உங்க வாத்தியாரு இங்கிலீஷுல ஏதோ கிரிட்டிக்கல் திங்கிங்னு நீட்டி முழக்குதாரே, அது அம்புட்டுத்தான். ஆனா நீ அதெல்லாம் பண்ணாத. மார்க்கு கொறையும்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அந்த பெண்டிங் என்ன ஆனான்? தலைப்பாகையால வேல போன ஆளு, 1828ல கவர்னர் ஜெனரலா இதே கல்கத்தாவுக்குத் திரும்பி வந்தான். மெக்காலேன்னு ஒருத்தன் 1834ல மெட்ராஸ்ல வந்து எறங்கி, நேரா ஊட்டிக்குப் போயி இவனப் பாத்தான். அடுத்த வருசம் பிப்ரவரியில மெக்காலே குறிப்பு எழுதுனான், மார்ச்சுல பெண்டிங் கையெழுத்துப் போட்டான். நம்ம நாட்டுப் பயலுக எத எந்த மொழியில படிக்கணும்னு முடிவாயிட்டு. தோல்க் குஞ்சத்தப் பத்தித் தெரியாம ஒரு கோட்டையையே கலங்க வச்சவன் கையாலதான்லே நம்ம படிப்புக்குச் சீட்டு எழுதுனது. எனக்குச் சிரிப்பு வருது. உனக்கு வரல. பரவால்ல, வேலூரும் கல்கத்தாவும் உனக்கு வேற வேற சப்ஜெக்ட்டு.

சரி, வெள்ளக்காரன் கதை போரடிக்குது. சினிமாவுக்கு வா. உங்க வீட்டு ஜன்னல்லேருந்து கல்ல எறிஞ்சா ஸ்டூடியோவுல விழும். மெட்ரோ ஸ்டேஷனுக்கே நடிகர் உத்தம் குமார் பேர வச்ச ஊரு இது. 1931ல பி. என். சர்க்கார் இங்கனதான் நியூ தியேட்டர்ஸ் ஆரம்பிச்சாரு. அவரு படிச்சது என்னன்னு நெனக்க? இன்ஜினியரிங். பாரு, அப்பவே கெட்டுப் போயிருக்கான் மனுசன்.

நான் சொல்ல வந்தது சுப்ரதோ மித்ராவப் பத்தி. சத்யஜித் ராயோட கேமராக்காரரு. "பதேர் பாஞ்சாலி" எடுக்க ஆரம்பிக்கிறப்ப வயசு 21. அதுக்கு முன்னால சினிமா கேமராவத் தொட்டதே கிடையாது. அதுக்கு ரெண்டு வருசம் முந்தி ரெனுவாருன்னு ஒரு பிரெஞ்சு டைரக்டர் கல்கத்தாவுக்குப் படம் எடுக்க வந்தப்ப, இவரு வேலை கேட்டுப் போயிருக்காரு, வேலை இல்லன்னுட்டாக. அப்பா கூடப் போயி, சும்மா ஓரமா நின்னு பாத்துக்கிறேன்னு அனுமதி வாங்கிட்டாரு. பாத்துட்டு வீட்டுக்கு வந்து பேசாம இருந்தாரா? எந்த லைட்டு எங்க நின்னுச்சு, நெழல் எந்தப் பக்கம் விழுந்துச்சு, எல்லாம் படம் போட்டு நோட்டுல எழுதி வச்சாரு. ஒரு நாளு அந்தப் படத்துக் கேமராக்காரரே, முந்தி எடுத்ததுல லைட்டு எப்பிடி இருந்துச்சுன்னு சரிபாக்க இவரு நோட்டக் கேட்டு வாங்கிப் பாத்தாராம்.

பொறவு 1956ல "அபராஜிதோ". காசியில ஒரு பழைய வீட்டு முத்தம். காசியில இருக்கிறாப்புல ஒரு முத்தத்த வெட்டவெளியில கட்டலாம்னுதான் மொதல்ல திட்டம். மழைக்காலத்துக்குப் பயந்து ஸ்டூடியோவுக்குள்ள கட்டும்படியாச்சு. இங்கனதான் சிக்கல். நம்ம ஊர்ல முத்தத்துல பாத்திருப்பல்ல? நாலு பக்கமும் செவரு, மேல வானம். வெளிச்சம் மேலேருந்து இறங்கி எல்லாப் பக்கமும் ஒண்ணு போல பரவும், கூரான நெழலே விழாது. ஸ்டூடியோவுல என்ன பண்ணுவான்? மேல பரண் கட்டி ஏழெட்டு லைட்டக் கட்டித் தொங்க விடுவான். ஒரு ஆளுக்கு மூணு நெழல். அதான் அன்னைக்கு வழக்கம். இது பொய்னு பாக்கிறவன் கண்டுபிடிச்சுருவான்னு மித்ரா சொன்னாரு. ஸ்டூடியோவுக்குள்ள அந்தப் பகல் வெளிச்சத்தக் கொண்டுவர முடியாதுன்னு ராய்கிட்டயும் செட்டுப் போட்ட பன்சி சந்திரகுப்தாகிட்டயும் வாதாடிப் பாத்தாரு, அவுக கேக்கல. மித்ரா என்ன செஞ்சாரு? செட்டுக்கு மேல வெள்ளத் துணிய இழுத்துக் கட்டுனாரு, வானம் மாதிரி. லைட்ட எல்லாம் கீழ வச்சு, துணியப் பாத்துத் திருப்பி விட்டாரு. துணியில பட்டுத் திரும்பி இறங்குச்சு பாரு, அதான் காசி வெளிச்சம். படம் வெனிஸ்ல பெரிய பரிசு வாங்குச்சு. உலகமே பொறவு அந்த வித்தையச் செய்யுது.

இதுல தாத்தா கவனிச்சது என்னன்னா, அவருக்கு அந்தத் துணி கேமராப் பாடத்துலேருந்து கிடைக்கல. வெளிச்சம்னா நெசத்துல எப்பிடி விழுதுன்னு பாக்கிற கண்ணுலேருந்து கிடைச்சது. அந்த மனுசன் "பதேர் பாஞ்சாலி"யில கொஞ்சம் சிதாரும் வாசிச்சிருக்காரு, தெரியுமா? ரவிசங்கர் இசையமைச்ச படத்துல! கேமராக்காரனுக்கு எதுக்குலே சிதாரு? ரெண்டு லென்ஸ் கோர்ஸ் சேத்துப் படிச்சிருந்தா வேலைக்காவது ஆகியிருக்கும்.

சி. வி. ராமனப் பத்திச் சொல்லலாம்னு பாத்தேன். ஆனா அவரப் பத்தி எல்லாரும் எல்லாத்துக்கும் சொல்லிச் சொல்லி நஞ்சு போச்சு. ஒண்ணு மட்டும். இங்கன கல்கத்தாவுக்கு 1907ல அவரு கணக்காபீஸ் உத்தியோகத்துக்குத்தான் வந்தாரு. சாயங்காலம் பவுபஜார்ல ஒரு சங்கத்துக் கட்டடத்துல போயி வயலினையும் மிருதங்கத்தையும் தட்டிப் பாத்துக்கிட்டிருந்தாரு. 1921ல கப்பல்ல வாரப்ப, கடல் ஏன் நீலமா இருக்குன்னு ஒரு கேள்வி. ராலே பிரபு, நோபல் பரிசு வாங்குன பெரிய மனுசன், அது வெறும் வானத்தோட பிரதிபலிப்புன்னு சொல்லிட்டாரு. நீயும் நானுமா இருந்தா "பிரபு சொல்லிட்டாருய்யா"ன்னு கேபினுக்குள்ள போயிப் படுத்திருப்போம். இவரு பையிலேருந்து ஒரு சின்னக் கண்ணாடிப் பட்டகத்த எடுத்து, பிரதிபலிப்ப மட்டும் மறைச்சுப் பாத்தாரு. அப்பவும் நீலம். அம்புட்டுத்தான் கதை. அந்தச் சங்கம் இப்ப உங்க பக்கத்துல ஜாதவ்பூர்ல இருக்கு.

இப்ப ஜன்னல் வழியா அந்தப் பக்கம் பாரு. அந்தக் கறுப்புத் தண்ணி. மூக்கப் பொத்தாத, ஒரு காலத்துல கங்கை ஓடுன வழி அது. ஆதி கங்கான்னுதான் இன்னைக்கும் பேரு. காளிகாட் கோயில் அது கரையிலதான். மண்ணடிச்சுத் தூந்து கிடந்தத, 1770கள்ல மேஜர் டாலி தன் கைக்காசப் போட்டுத் தூர் வாரி, படகு போகப் பண்ணி, சுங்கம் வசூல் பண்ணிக்கிட, கரையில சந்தை போட கும்பினிகிட்ட உரிமை வாங்குனான். அந்தச் சந்தைதான் உங்க ஊரு. கம்மாய் தூர் வாரிப் பழக்கப்பட்டவன் நான், அதனால டாலி மேல எனக்கு ஒரு மருவாதி உண்டு, அவன் சுங்கத்துக்காகப் பண்ணான்னாலும். 2009ல மெட்ரோவ டாலிகஞ்சுக்குத் தெக்கால நீட்டுனாக. எங்க தூண் நட்டாக? இந்த ஆத்துக்குள்ளயே. நெலம் வாங்க வேண்டாம், யாரையும் கிளப்ப வேண்டாம். எதிர்ப்பு இருந்துச்சு, ஆனாலும் நட்டாச்சு. ரயிலு நல்லாத்தான் போகுது, நானும் அதுலதான் போறேன். தூண் எம்புட்டுப் பாரம் தாங்கும்னு கணக்குப் போட்ட பயலுக கெட்டிக்காரனுக. மழை கொட்டுற அன்னைக்குத் தண்ணி எந்தப் பக்கம் போகும்னு எந்தப் பாடத்துல வருதுன்னுதான் எனக்குப் புரியல. ஒருவேளை அதுவும் ஒம்பது கிரெடிட்டுக்குள்ள வருமோ என்னவோ.

ஏட்டி பேத்தி, நீ சிரிக்காதடி. உனக்கும் இருக்கு. இலக்கியம் படிக்கிற பிள்ளைக்கு எதுக்குக் கணக்குன்னு நீயும் சொன்னவதான. சைத்ர மாச சேல்னு கரியாஹாட்ல போயி, 50 சதவீதம் தள்ளுபடி, அதுக்கு மேல 20 சதவீதம்னு போட்டிருந்தத 70ன்னு கூட்டிக்கிட்டு, சேலையும் கையுமா வந்து நின்னியே. நூறு ரூவா மொதல்ல அம்பதாச்சு. அம்பதுல இருவது சதவீதம் பத்து. நாப்பது ரூவா. தள்ளுபடி 60தான். கடைக்காரனும் பி.ஏ. படிச்சிருக்க மாட்டான், ஆனா உன்னப் படிச்சிருக்கான்.

பேராண்டி, உன் பக்கத்து ஞாயத்தையும் சொல்லிருதேன். உன் வேத்துத் துறை வகுப்புல வாத்தியாரு வந்து நோட்ஸப் போட்டுட்டு, கடைசியில நாலுல ஒண்ணு டிக் அடிக்கிற பரீட்ச வைக்கிறாரே, அதுல ஒருத்தனும் யோசிக்கப் பழக மாட்டான். 1806ல என்ன நடந்தது, அ, ஆ, இ, ஈ. எண்பது பேரு வகுப்புல, ஒரு வாத்தியாருக்கு நாலு காலேஜ்ல பாடம், பாவம் அவரும் என்ன செய்வாரு. இந்தக் கோலத்துல ஏழரைய முப்பதா ஆக்குனாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா நீ அந்த வகுப்புல ஒரு கைய மட்டும் தூக்கிப் பாரு. "சார், இது எப்பிடித் தெரியும்?"னு மட்டும் கேளு. கோவமாக் கேக்காத, பணிவாக் கேளு, முஸ்தபா பேக் கதவத் தட்டுனாப்புல. ஒண்ணு அவரு உன்ன வெளிய அனுப்புவாரு, இல்லன்னா முப்பது வருசமா யாரும் கேக்காத சந்தோசத்துல ஒரு மணி நேரம் பேசுவாரு. ரெண்டாவதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். வாத்தியாருகள எனக்குத் தெரியும்.

என்ன, என்ன மொனகுத? "நீங்க சொன்னது மட்டும் நெசம்னு எப்பிடி நம்புறது"வா? அஞ்சாப்பு படிச்சுட்டு டீக்கடையில பேப்பர் வாசிச்ச கெழவன், கண்ணுக்குத் தெரிஞ்சத, காதுல விழுந்தத வச்சுச் சொல்லுதான். நம்பாத. அலிப்பூர்ல நேஷனல் லைப்ரரி இருக்கு, இங்கனேருந்து ஆட்டோ தூரம். ஒரு அட்டை போட்டுக்க. தலைப்பாகையிலேருந்து தூண் வரைக்கும் ஒவ்வொண்ணா எடுத்துப் பாரு. நான் எங்கன பெசகியிருக்கேன்னு கண்டுபிடிச்சுட்டு வா. பெசகு ஒண்ணுக்கு லேக் மார்க்கெட்ல ஒரு மசால் தோசை, தாத்தா கணக்கு. மூணு தோசைக்கு மேல போச்சுன்னா மிச்சத்த உங்கப்பன்கிட்ட வாங்கிக்க, அவன்தான் என்ன இந்த ஊருக்குக் கூட்டியாந்தவன்.